தேங்க்ஸ்கிவிங் விருந்துக்குச் சூடான மசாலா ஆப்பிள்: குழையாமல் எப்படிச் செய்வது?

மிசிசாகா_மீனா:
வணக்கம். இங்கே கனடாவில் அக்டோபர் இரண்டாவது திங்களன்று வருகிற தேங்க்ஸ்கிவிங் விருந்து, இந்த வருடம் எங்கள் வீட்டில். பன்னிரண்டு பேர், அதில் மூன்று பேர் சைவம். வான்கோழி, கிரேவி, உருளைக்கிழங்கு மசியல், கிரான்பெரி சாஸ் எல்லாம் முடிவாகிவிட்டது. கூடவே பட்டை கிராம்பு மணக்க, சூடாக, தொட்டுக்கொள்கிற மாதிரி ஒரு பழப் பதார்த்தம் வைக்க ஆசை. ஆப்பிள் பை மாதிரி தித்திப்பாக வேண்டாம், துண்டு துண்டாக நிற்கவும் வேண்டும். தோட்டத்தில் பிள்ளைகள் பறித்த மெக்கின்டாஷ் ஆப்பிள் ஒரு கூடை இருக்கிறது. ஓவன் முழுக்க வான்கோழிக்கே போய்விடும் என்பதால் அடுப்பிலேயே செய்கிற வழி சொல்லுங்கள்.

நயாகரா_வாசி:
மெக்கின்டாஷ் மட்டும் இதற்கு வேண்டாம். 1811-ல் நம் ஒண்டாரியோவின் டண்டெலாவில் கிடைத்த பழம், கடித்துத் தின்ன அதைப்போல் வராது. ஆனால் சூடு பட்டதும் குழைந்து கூழாகிவிடும், அதனால் அந்தக் கூடையை ஆப்பிள் சாஸுக்கு வைத்துக்கொள்ளுங்கள். சமைத்தாலும் துண்டாக நிற்பது நார்தர்ன் ஸ்பை ரகம், ஆனால் அது அக்டோபர் நடுவில்தான் பழுக்கும், விருந்துக்குக் கிடைப்பது சந்தேகம். ஹனிகிரிஸ்ப்பும் கிரானி ஸ்மித்தும் பாதிப் பாதி வாங்குங்கள்.

பன்னிரண்டு பேருக்கு ஒன்றரைக் கிலோ போதும். தோலோடு ஒவ்வொன்றையும் எட்டாக வெட்டி, அகலமான வாணலியில் 60 கிராம் வெண்ணெய் உருகியதும் ஒரே அடுக்காகப் பரப்புங்கள். கிளறவே கூடாது. அடிப்பக்கம் பொன்னிறமானதும் ஒருமுறை திருப்பிவிட்டால் சரி. இடம் போதாவிட்டால் இரண்டு ஈடாகச் செய்யுங்கள், குவித்துப் போட்டால் தண்ணீர் விட்டு வெந்துபோகுமே தவிர சிவக்காது. அப்புறம் நாலு மேசைக்கரண்டி பழுப்புச் சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு, ஒரு எலுமிச்சைச் சாறு சேர்த்து மூடாமல் ஐந்து நிமிடம். புளிப்பு இருந்தால் பழத்தின் சதையைக் கட்டிப் பிடித்திருக்கும் பெக்டின் சீக்கிரம் இளகாது, அதனால் எலுமிச்சையைக் கடைசிவரை தள்ளிப்போட வேண்டாம். கத்தி முனை கொஞ்சம் தடுத்து இறங்கும்போதே அடுப்பை அணையுங்கள், மிச்சத்தை வாணலிச் சூடு பார்த்துக்கொள்ளும்.

ஸ்கார்பரோ_கறுவா:
தங்கச்சி, மசாலாவைத் தூளாகப் போடாதேங்கோ, முழுசாகப் போடுங்கோ. தூள் போட்டால் பாகு கலங்கி மண் நிறமாகிவிடும். இங்கே சூப்பர் மார்க்கெட்டில் சினமன் என்று விக்கிறது பெரும்பாலும் கேசியா என்ற வேறு மரத்துப் பட்டை, தடிப்பாக ஒற்றைச் சுருளாக இருக்கும், காரமும் கூட. எங்கட இலங்கைப் பட்டை, அதுதான் கறுவா, மெல்லிய தாள் தாளாகச் சுருண்டிருக்கும், விரலால் நொறுக்கலாம், மணமும் மென்மை. இலங்கைக் கடைகளில் கிடைக்கும், பழத்துக்கு அதுதான் பொருத்தம்.

வெண்ணெய் உருகினதும் ஒரு கறுவாத் துண்டு, நாலு கராம்பு, தட்டின இஞ்சி ஒரு துண்டு போட்டு மணம் வந்த பிறகு ஆப்பிளைப் போடுங்கோ. கராம்பை எண்ணிப் போட்டு எண்ணி எடுங்கோ, விருந்தாளி வாயில் அகப்படக்கூடாது. சாதிக்காய் இறக்கும்போது நாலு தேய்ப்பு, அதுக்கு மேலே போனால் கசக்கும். கிரேவியோடு சாப்பிட ஒரு உறைப்பும் வேணும், ஒரு செத்தல் மிளகாயை, அதுதான் காய்ந்த மிளகாயை, கிள்ளி வெண்ணெயிலேயே போடுங்கோ. கடைசியில் ஒரு கைப்பிடி கிரான்பெரி போட்டால் வெடித்து நல்ல புளிப்புத் தரும்.

சமையல்_கணேஷ்:
அக்கா சொன்ன மசாலா அருமை, கிரான்பெரியில் மட்டும் எனக்கு உடன்பாடில்லை. மேசையில் ஏற்கெனவே அந்த சாஸ் இருக்கிறது, இதிலும் போட்டால் எல்லாம் ஒரே சிவப்பு, ஒரே ருசி. அதற்குப் பதில் இரண்டு போஸ்க் பேரிக்காய் சேருங்கள், அதுவும் உடையாமல் வேகும். பார்ட்லெட் வேண்டாம், குழைந்துவிடும்.

மீனா, முந்தின நாளே முக்கால் பதத்தில் இறக்கி, ஆறவைத்து, பாகோடு ஃபிரிட்ஜில் வைத்துவிடலாம். வான்கோழி வெளியே வந்ததும் வெட்டுமுன் அரைமணி நேரம் ஆறவிடுவீர்கள் இல்லையா, அந்த நேரத்தில் அகலத் தட்டில் பரப்பி, மூடாமல் 175 டிகிரி செல்சியஸ் ஓவனில் பதினைந்து நிமிடம் வைத்தால் ஓரம் பளபளவென்று வரும். சைவக்காரர்களில் வெண்ணெய் சாப்பிடாதவர் உண்டா என்று முன்னாடியே கேளுங்கள், அவர்களுக்குத் தேங்காய் எண்ணெயில் தனியாக ஒரு சின்ன வாணலி. முக்கியமாக, வான்கோழிக்குப் போட்ட கரண்டி இதில் படக்கூடாது.

மிசிசாகா_மீனா:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. கிரான்பெரியை விட்டுவிட்டுப் பேரிக்காய் சேர்க்கிறேன். குழந்தைகள் ஐந்து பேர் உண்டு, செத்தல் மிளகாய் காரமாகிவிடுமா அக்கா?

ஸ்கார்பரோ_கறுவா:
கிள்ளாமல் முழுசாகப் போட்டு, ஆப்பிள் போடமுன் எடுத்துவிடுங்கோ. மணம் மட்டும் நிக்கும், சின்னாக்களும் சாப்பிடலாம்.