பழைய ஏர் ரைபிளில் சீல் உதிர்வது, ரப்பர் பிசுபிசுப்பது: எண்ணெய் செய்த கேடா, காற்றின் ஈரமா?

ஓசூர்க்காரன்:
பெரியப்பாவின் ஜெர்மன் ஸ்பிரிங் ஏர் ரைபிள் என் கைக்கு வந்திருக்கிறது. 70களில் செய்தது, ஸ்பிரிங் பிஸ்டனைத் தள்ள, பிஸ்டன் நெருக்கும் காற்றில் குண்டு பாயும் வகை. வெளியே துரு இல்லை, குழலின் கருநீலப் பூச்சும் நன்றாகவே இருக்கிறது. ஆனால் பிரித்துப் பார்த்தால் பிஸ்டன் தலையில், காற்று கசியாமல் அடைக்கும் சீல் என்று ஒன்றும் மிச்சமில்லை. பழுப்பு நிறத்தில் ஒரு பிசின்தான் இருக்கிறது, தொட்டால் துகளாக உதிர்கிறது. தோளில் வைக்கும் கட்டையின் பின்முனையில் உள்ள ரப்பர் பேடும் உள்ளங்கையில் ஒட்டுகிறது. காட்டிய கடையில், "கண்ட எண்ணெயை ஊற்றிக் கெடுத்துவிட்டீர்கள்" என்கிறார்கள். பெரியப்பா அதை எடுத்துச் சுட்டதே அபூர்வம். உண்மையில் என்னதான் நடந்திருக்கும்?

பட்டறை மணி:
கடைக்காரர் சொன்னதில் தப்பில்லை தம்பி. பழைய ஏர் கன்களில் தோல் வாஷர் இருந்தது. அதற்கு அவ்வப்போது எண்ணெய் விட்டே ஆகவேண்டும், காய்ந்தால் சுருங்கி அடைப்பு போய்விடும். அந்தப் பழக்கத்திலேயே செயற்கை சீல் வந்த பிறகும் ஜனங்கள் சொட்டுச் சொட்டாக விட்டார்கள். பிஸ்டன் பாயும்போது காற்று நெருங்கிச் சூடாகும், அந்தச் சூட்டில் எண்ணெய் பற்றிக்கொள்ளும். இதை டீசலிங் என்பார்கள். குழல் வாயில் புகை, பட்டாசு மாதிரிச் சத்தம். அந்த வெடிப்பில் எந்த சீல் தாங்கும்? என்னைக் கேட்டால் தோல் வாஷரை விட்டதே தப்பு.

பாலிமர் கவிதா:
மணி அண்ணன் சொல்லும் டீசலிங் உண்மைதான். ஆனால் ஓசூர்க்காரர் சொல்லும் அடையாளங்கள் அதற்குப் பொருந்தவில்லை.

70களில் பல நிறுவனங்கள் இந்த சீலைப் பாலியூரித்தேன் என்ற செயற்கைப் பொருளில் வார்த்தன. பாலியூரித்தேனில் பெரிய பிரிவுகள் இரண்டு: எஸ்டர் வகை, ஈதர் வகை. எஸ்டர் வகை தேய்மானத்தை நன்றாகத் தாங்கும், எண்ணெய்க்கும் அசையாது. அதனாலேயே எண்ணெயும் உராய்வும் உள்ள இடங்களில் அதைப் போடுவார்கள். அப்படிப்பட்ட பொருளை எண்ணெய் கரைத்துவிட்டது என்பது எனக்கு ஒப்பவில்லை.

அதன் பகை காற்றில் இருக்கும் ஈரம். எஸ்டர் பிணைப்பை நீர் மெல்ல வெட்டும். பள்ளியில் நீராற்பகுப்பு என்று படித்தோமே, அதேதான். ஒவ்வொரு வெட்டிலும் ஓர் அமில முனை உருவாகும், அந்த அமிலம் அடுத்த வெட்டை வேகப்படுத்தும். அதனால்தான் பல வருடம் ஒன்றும் தெரியாமல் இருந்துவிட்டு, கெட ஆரம்பித்தால் கிடுகிடுவென்று முடிந்துவிடுகிறது. நீளச் சங்கிலிகள் துண்டாகிவிட்டால் மிஞ்சுவது பிசின், அல்லது உதிரும் கட்டி. பைன்வெர்க்பாவ் 124, டயானா 65, 66, 75 போன்ற ஜெர்மன் ஏர் ரைபிள்களின் அந்தக்கால சீல்கள் உதிர்வது உலகம் முழுக்க ஏர் கன் சேகரிப்பவர்களுக்குத் தெரிந்த விஷயம். பெட்டியை விட்டு வெளியே வராத ரைபிளில்கூட இதே கதைதான். ஒரு குண்டும் சுடாத ரைபிளில் எங்கிருந்து டீசலிங் வரும்?

பட்டறை மணி:
ஈரம்தான் எமன் என்றால் ஒன்று சொல்லுங்கள் அம்மா. ரெமிங்டன் 1959இல் நைலான் 66 என்று ஒரு .22 ரைபிள் விட்டது. கட்டை முழுக்க டூபான்ட் கம்பெனியின் நைலான். மழையிலும் சேற்றிலும் தூக்கிக்கொண்டு அலைந்த ரைபிள் அது, இன்றும் நன்றாகச் சுடுகிறது. 1982இல் வந்த க்ளாக் கைத்துப்பாக்கிக்கும் நைலான் வகைச் சட்டம்தான். அதெல்லாம் ஏன் பிசின் ஆகவில்லை? இன்னொன்று, ஒரே வருடத்தில் செய்த இரண்டு ரைபிளில் ஒன்றில் சீல் உதிர்ந்திருக்கிறது, மற்றதில் முழுசாக இருக்கிறது. இரண்டும் ஒரே காற்றைத்தானே சுவாசித்தன?

பாலிமர் கவிதா:
நைலானில் இருப்பது அமைடு பிணைப்பு அண்ணா. சாதாரண வெப்பநிலையில் நீர் அதை வெட்டுவது மிக மிக மெதுவாக. இன்னும் சொல்லப்போனால் நைலான் கொஞ்சம் ஈரத்தை உள்ளே வாங்கிக்கொண்டால்தான் உடையாமல் உறுதியாக இருக்கும், எலும்பாகக் காய்ந்தால் உடையும் தன்மை வந்துவிடும். ஆகவே "பிளாஸ்டிக்" என்று எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டால் எந்தக் கேள்விக்கும் விடை வராது. மார்லின் கேம்ப் கார்பைன் என்ற குட்டை ரைபிளில் ரிசீவருக்குள், அதாவது இயங்கும் பாகங்கள் இருக்கும் நடுக்கூட்டுக்குள், அதிர்ச்சி தாங்க ஒரு பஃபர் வைத்திருந்தார்கள். அது உதிர்ந்து தூளாவது பிரசித்தம், வாங்கியவுடன் புதியதை மாற்றச் சொல்வார்கள். அதே துப்பாக்கியின் மற்ற பிளாஸ்டிக் பாகங்களுக்கு அந்தக் கதி வருவதில்லை.

ஒரே வயது ரைபிள்கள் இரண்டு விதமாக இருப்பதற்கும் காரணம் இருக்கிறது. சீல் எந்தக் கலவையில் வந்தது, நடுவில் யாராவது மாற்றினார்களா, எந்த வீட்டில் இருந்தது என்பதெல்லாம் கணக்கில் வரும். கடற்கரை ஊரின் அலமாரியும் வறண்ட குளிர் ஊரின் அலமாரியும் ஒன்றல்ல. சூடும் ஈரமும் சேர்ந்தால் வேதிவினை வேகமெடுக்கும்.

குலசேகரம் ஜோஸ்:
இரண்டு பேரும் சீலையே பேசுகிறீர்கள், அந்த ரப்பர் பேடை மறந்துவிட்டீர்கள். எங்கள் ஊரே ரப்பர் ஊர் என்பதால் சொல்கிறேன். ரப்பர் பால் ஊற்றி உறையவைத்த ஷீட்டை வெயிலில் அதிகம் விட்டால் மேல்பக்கம் பிசுபிசுக்கும். கந்தகம் சேர்த்துச் சூடாக்கும் முறையை குட்இயர் 1839இல் கண்டுபிடிக்கும் வரை, ரப்பர் சாமான் வெயில் காலத்தில் இளகி ஒழுகுவதுதான் அந்தத் தொழிலின் பெரிய தலைவலி. கந்தகம் சங்கிலிகளைக் குறுக்கே கட்டுகிறது, ஆனால் அந்தக் கட்டு நிரந்தரமில்லை. ஆக்ஸிஜனும் சூடும் சங்கிலியை அறுத்தால் இயற்கை ரப்பர் மறுபடி இளகும். நைட்ரைல் மாதிரிச் செயற்கை ரப்பர்கள் பெரும்பாலும் வேறு வழியில் போகும், இறுகி வெடிக்கும். அதனால் ஒட்டும் பேடைப் பார்த்தால் இயற்கை ரப்பராக இருக்கலாம் என்றுதான் முதலில் நினைப்பேன்.

செம்பு, மாங்கனீசு இரண்டும் ரப்பருக்கு விஷம். கொஞ்சம் கலந்தாலே ஆக்ஸிஜன் தாக்குதல் வேகமாகும். அதனால் ரப்பர் மேல் பித்தளைச் சாமானைச் சாய்த்து வைக்காதீர்கள். எண்ணெய் விஷயத்தில் பேடைப் பொறுத்தவரை மணி அண்ணன் பக்கம்தான் நான். மினரல் ஆயில் பட்டால் இயற்கை ரப்பர் ஊறி உப்பிவிடும். ரைபிளை நிமிர்த்தி வைத்தால் எண்ணெய் கட்டை வழியாக இறங்கிப் பேடில்தான் போய்ச் சேரும்.

இலக்கு10:
எனக்குக் கோபம் கம்பெனிகள் மேல்தான். பந்தயத் துல்லியத்துக்காகக் கொள்ளை விலைக்கு விற்ற ரைபிளில் இப்படியா ஒரு பொருளைப் போடுவது? சரி, இருப்பதைக் காப்பாற்ற வழி சொல்கிறேன். பிளாஸ்டிக் உறையில் போட்டு, சிலிகா ஜெல் வைத்து, ஃபோம் பெட்டியில் காற்றுப் புகாமல் பூட்டிவிடுங்கள். தீர்ந்தது.

பாலிமர் கவிதா:
தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். பெட்டியின் ஃபோமும் பாலியூரித்தேன்தான், அதுவும் உதிர்ந்து இரும்பில் ஒட்டி ஈரத்தைப் பிடித்துவைக்கும். உறை பி.வி.சி. என்றால் அதை வளையவைக்கச் சேர்த்த நெகிழ்வூட்டி வெளியே கசிந்து கட்டையின் வார்னிஷை இளக்கும். உறையும் கட்டையும் ஒட்டிக்கொள்ளும். சிலிகா ஜெல் நல்லது, ஆனால் நிறம் மாறியதும் காயவைத்து மாற்றவேண்டும். பருத்தித் துணி உறை, காற்றாடும் உலர்ந்த அலமாரி, இது போதும்.

கம்பெனி மேல் உங்கள் கோபம் புரிகிறது. ஆனாலும் அன்றைக்கு அவர்களுக்கு வேண்டியது எண்ணெய்க்கும் உராய்வுக்கும் தாங்கும் சீல், அந்த வேலையை அது நன்றாகவே செய்தது. சீல் என்பது மாற்றுவதற்கான பாகம். ஐம்பது வருடம் கழித்தும் மாற்றாமல் சுடுவது நம் பொறுப்பு.

பட்டறை மணி:
எண்ணெயில் கரையாது என்பதை வைத்துக்கொண்டாலும், எரிந்தால் போகும் என்பதில் நான் மாறவில்லை. தம்பி, சிலிண்டருக்குள் கரி இருக்கிறதா? துகள் கறுப்பா பழுப்பா?

ஓசூர்க்காரன்:
கரி துளியும் இல்லை அண்ணே. சுவர் பளபளவென்று இருக்கிறது. கட்டியை வெட்டிப் பார்த்தேன், உள்ளே வெளியே எல்லாம் ஒரே பழுப்பு.

பாலிமர் கவிதா:
எரிந்த சீலில் விளிம்பு கருகியிருக்கும், நடு நன்றாக இருக்கும். முழுக் கனமும் ஒரே மாதிரி கெட்டிருந்தால் அது ஈரத்தின் வேலை.

பட்டறை மணி:
இந்த ரைபிளுக்கு அப்படியே இருக்கட்டும். என் பட்டறைக்கு எண்ணெயில் குளித்து வருபவற்றுக்கு நான் சொன்னதுதான். தோல் வாஷர் இருந்தால் இந்தப் பேச்சே வந்திருக்காது என்பதையும் விடமாட்டேன்.

இப்போது செய்யவேண்டியதைக் கேள். சீல் இல்லாமல் ஒருமுறைகூடச் சுடாதே. காற்று மெத்தை இல்லாமல் பிஸ்டன் போய் உலோகத்தில் நேராக மோதும், ஸ்பிரிங்கும் பிஸ்டனும் போய்விடும். பழைய பிசினை மரக்குச்சியால் சுரண்டு, இரும்பு உளி வேண்டாம். காற்றுப் போகும் சிறு துளையில் துகள் அடைத்திருக்கும், அதைப் பார். மண்ணெண்ணெயில் கழுவினால் முழுக்கக் காயவிடு, மிச்சம் இருந்தால் முதல் சுடுதலிலேயே வெடிக்கும்.

ஓசூர்க்காரன்:
புது சீல் வாங்கும்போது எதைக் கேட்பது?

பாலிமர் கவிதா:
உங்கள் மாடலுக்கென்று இப்போது வார்த்ததா என்று முதலில் கேளுங்கள். பழைய ஸ்டாக், பிரிக்காத பாக்கெட் என்று யாராவது ஆசை காட்டினால் வாங்கவே வாங்காதீர்கள், பாக்கெட்டுக்குள்ளும் அதற்கு அதே வயதுதான். ஈதர் வகை கிடைத்தால் நல்லது. அதற்கு ஈரம் பிரச்சினை இல்லை, வெளிச்சமும் ஆக்ஸிஜனும்தான் ஆகாது. சிலிண்டருக்குள் வெளிச்சம் எட்டாது. பேடை மட்டும் கழற்றிப் போட்டுவிட்டுப் புதிது மாட்டுங்கள், இளகிய ரப்பரைத் திரும்ப இறுக்க வழி கிடையாது.