123.45 யாரு வீட்டு அலைவரிசை?

கொக்கிரகுளம்_ரேடியோ: நேத்து தாய்மாமன் இங்க போட்ட பதிவைப் படிச்சதுல இருந்து தூக்கம் வரல. டெக்சாஸ்ல செஸ்னா 172ங்குத சின்ன விமானம் ஓட்டுத அவரு மருமவன் சொன்னானாம், "123.45 மெகாஹெர்ட்ஸ் பைலட்டுக கதை பேசுததுக்குன்னே விட்டது, யாரும் பேசலாம்"னு. யாரு வே விட்டா? அது கடலுக்கு மேல, தரைநிலையத்து வி.எச்.எஃப். (விமானத்தோட பேசுத ரேடியோ அலை) எட்டாத இடத்துல, விமானத்துக்கு விமானம் பேசுததுக்கு. டெக்சாஸ் கடலா? அமெரிக்காவுல சின்ன விமானங்க தங்களுக்குள்ள பேச 122.75 இருக்கு. 123.45 அங்க சோதனைப் பறப்புக்கு ஒதுக்குனதுல வருது.

தாய்மாமன்: எல்லாரும் அதுலதான் பேசுதாவ. ஒண்ணு ரெண்டு மூணு நாலு அஞ்சு, பச்சப்புள்ளைக்குக்கூட ஞாபகம் இருக்கும்.

கொக்கிரகுளம்_ரேடியோ: ஜங்ஷன்ல எல்லாரும்தான் ஒன்வேல எதுக்க வாரான். 122.75 வே, 122.75.

பாளை_பைலட்: ரெண்டு பேரும் லைசென்ஸ விட்டுட்டீங்களே. அமெரிக்காவுக்குள்ள மட்டும் பறந்தா வி.எச்.எஃப். பேச பைலட்டுக்குத் தனி ரேடியோ லைசென்ஸே வேண்டாம், நாடு தாண்டுனாத்தான். இங்க இந்தியாவுல ஆர்.டி.ஆர்.ங்குத ரேடியோ லைசென்ஸ் பரீட்சை எழுதணும். முதல் தடவை நேர்முகத்துல பதட்டத்துல ஆபத்துக்குக் கூப்பிடுத "மேடே"ய ரெண்டு தடவையோட நிறுத்திட்டேன். மூணு தடவை சொல்லணும். பெயில்.

தாய்மாமன்: பெயிலானவரு பாடம் எடுக்காரு.

பாளை_பைலட்: அடுத்த தடவை பாஸ். அத வசதியா விட்டுருவீங்க.

கொக்கிரகுளம்_ரேடியோ: லைசென்ஸ் வேண்டாம்னா எந்த அலைவரிசையிலயும் பேசலாம்னு அர்த்தமில்ல. விமான ரேடியோ 118-ல இருந்து 137 மெகாஹெர்ட்ஸ் வரைக்கும், ஏ.எம்.ங்குத முறையில. ரெண்டு பேரு ஒரே நேரத்துல பொத்தான அமுக்கினா கேக்கவன் காதுல 'கீய்ய்'னு ஒரு இரைச்சல்தான். முப்பதாயிரம் அடியில பறக்கவன் பேச்சு இருநூறு மைலுக்கு மேல கேக்கும். மருமவன் மத்தியானம் தின்ன பர்கரப் பத்திப் பேசினா எத்தன பேரு வாய அடைக்கான் பாரும்.

தாய்மாமன்: அவன் மூவாயிரம் அடியிலதான் பறக்கான்.

கொக்கிரகுளம்_ரேடியோ: அப்ப 123.45 தப்புன்னு ஒத்துக்கிடுதீரு.

தாய்மாமன்: எங்க ஓய் ஒத்துக்கிட்டேன்? போன வருசம் மொட்டமாடியில ஏரியல் கட்டி வாகைக்குளம் ஏர்போர்ட் டவர் பேசுதத ஒட்டுக்கேட்டேன்னு நீரே இங்க பெருமையா எழுதினீரே. அது எந்தச் சட்டத்துல வருது?

கொக்கிரகுளம்_ரேடியோ: பேச்ச மாத்தாதீரும். 123.45.

வள்ளியூர்_காத்து: அண்ணாச்சி, எங்க பக்கம் விஜயநாராயணத்துல கடற்படை நீர்மூழ்கிக்குச் சேதி அனுப்புத நிலையம் இருக்குல்லா, ஐ.என்.எஸ். கட்டபொம்மன். அதுல இருந்து உங்க ரேடியோவுக்கு இடைஞ்சல் வருமா?

கொக்கிரகுளம்_ரேடியோ: அது கிலோஹெர்ட்ஸ் தம்பி, தண்ணிக்குள்ள இறங்குத அலை. இது வேற. நடுவுல வராத.

பாளை_பைலட்: அங்க 121.5-லயே பூனை மாதிரி 'மியாவ்'னு கத்துதானுவ. அவசரத்துக்கு உள்ளது அது. அதப் பேசுங்களேன்.

தாய்மாமன்: என் மருமவன் கத்தல.

பாளை_பைலட்: நான் சொன்னேனா?

தாய்மாமன்: ஜாடையா சொன்னீரு. மொத தடவை பெயிலானதுல இருந்தே உமக்கு எரிச்சல்.

கொக்கிரகுளம்_ரேடியோ: 122.75ன்னு ஒரு தடவை வாயத் திறந்து சொல்லச் சொல்லும் பாப்போம்.

தாய்மாமன்: அங்க இப்ப ராத்திரி. முழிச்சதும் கேக்கேன். நீரு ஏரியல மொதல்ல கழத்தும்.

கொக்கிரகுளம்_ரேடியோ: 123.45-ல கூப்பிட்டுக் கேளும்.

வள்ளியூர்_காத்து: அண்ணாச்சி, அந்த ஏரியலுக்கு எத்தன அடி குழாய் வாங்கினீங்க?