ஆக்டிவ் பேஸ் கிற்றார்: கெயின் பூச்சியத்திலும் சிவப்பு எரிகிறது

கேள்வி (வெள்ளவத்தை)
ஐந்து தந்தி ஆக்டிவ் பேஸ் கிற்றார் (உள்ளேயே சிக்னலைப் பெருக்கும் சுற்று உள்ளது), அதற்கு ஒரு 9 வொல்ற் பற்றரி. ஓடியோ இன்ரபேஸில் (கிற்றாரைக் கணினியோடு இணைக்கும் பெட்டி) இன்ஸ்ட்ருமென்ட் இன்புட், கெயின் (உள்வரும் சிக்னலைப் பெருக்கும் அளவு) பூச்சியம். ஸ்லாப் அடித்தால் (தந்தியைப் பெருவிரலால் தட்டினால்) சிவப்பு விளக்கு எரிந்து ஒலி கரகரக்கிறது. கிற்றாரின் வொல்யூமைப் பாதியாக்கித்தான் பதிவுசெய்ய வேண்டுமா, அண்ணாமார்?

பதில் (தெஹிவளை)
தேவையில்லை. முதலில் கிற்றாரிலுள்ள பேஸ் நொப்பை (தாழ்ந்த ஒலியைக் கூட்டிக் குறைப்பது) நடுவுக்குக் கொண்டு வாங்கோ. 12 டெசிபல் பூஸ்ட் என்றால் வொல்ற்றேஜ் நான்கு மடங்கு. சிவப்பு எரிய அதுவே போதும். பிறகு இன்ரபேஸின் இன்புட்டை லைனுக்கு (பலமான சிக்னலுக்கானது) மாற்றுங்கோ. ஆக்டிவ் பேஸின் வெளியீட்டு இம்பீடன்ஸ் (சிக்னலுக்கான மின்தடை) குறைவு, ஆகவே பாதிப்பில்லை. பற்றரி இல்லாத பாசிவ் பேஸில் இப்படிச் செய்தால் கூர்மையான ஒலி மங்கிவிடும். ஆகப் பலமான அடிக்கு மீற்றர் −12 டெசிபல் அளவில் நிற்கட்டும்.

பதில் (கொட்டாஞ்சேனை)
மீற்றர் சிவப்பைத் தொடாமலே கரகரத்தால் பற்றரியைச் சந்தேகியுங்கோ. மல்ரிமீற்றரில் 7 வொல்ற்றுக்குக் கீழ் காட்டினால் மாற்றவேண்டியதுதான். கேபிளைக் கழற்றாமல் விட்டால் பற்றரி வடிந்துகொண்டே இருக்கும்.

எஃபெக்ட் பெடல் ஒன்று பலமான சிக்னலால் திணறினால் சின்னப் பாட் (pad, சிக்னலைக் குறைக்கும் சுற்று) செய்யலாம். 22 கிலோஓம் ரெசிஸ்ரர் தொடராக. அது முடியும் இடத்திலிருந்து 10 கிலோஓம் கிரவுண்டுக்கு. ஏறக்குறைய 10 டெசிபல் குறையும். ரெசிஸ்ரர் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் எடுக்கலாம். உலோகப் பெட்டிக்குள் பூட்டி, பெட்டியையும் கிரவுண்டோடு தொடுத்துவிடுங்கோ. பிளாஸ்டிக் பெட்டி இரைச்சலை உள்ளே விடும். இதுவும் ஆக்டிவ் பேஸுக்கு மட்டும்தான்.

கேட்டவர்
பேஸ் நொப் முழுக்கத் திருகிக் கிடந்தது! நடுவுக்கு வைத்து லைனுக்கு மாற்றியதும் சிவப்பு எரியவில்லை. பற்றரி 8.9 காட்டுகிறது. நன்றி.