ஆஸ்கர் சிறந்த படம்: எந்த விருதை வைத்துக் கணிப்பது?

வணக்கம் நண்பர்களே. ஆஸ்கரில் சிறந்த படம் எது என்று கணிக்கும்போது, முன்னால் வரும் விருதுகளில் எதற்கு எவ்வளவு எடை கொடுக்கிறீர்கள்? கொஞ்சம் சொல்லுங்கள்.

நடிப்பு, இயக்கம் போன்ற பிரிவுகளில் அதிக ஓட்டு வாங்கியவருக்கே விருது. சிறந்த படத்துக்கு மட்டும், ஆஸ்கரை வழங்கும் அகாடமியின் உறுப்பினர்கள் படங்களை வரிசைப்படுத்தி ஓட்டுப் போடுகிறார்கள். எதற்கும் பாதிக்கு மேல் முதலிடம் கிடைக்காவிட்டால், கடைசியில் நிற்கும் படத்தை நீக்கி, அதன் ஓட்டுகளை அடுத்த விருப்பத்துக்கு மாற்றுகிறார்கள். அதனால் சிலர் கொண்டாடி, மற்றவர்கள் ஒதுக்கும் படத்தைவிட, ஓரளவு முதலிட ஓட்டும் வாங்கி, மற்ற பலரும் இரண்டு, மூன்றாம் இடத்தில் வைக்கும் படம் முந்திவிடலாம்.

அமெரிக்கத் தயாரிப்பாளர் சங்கமும் இதே முறையில்தான் தேர்வு செய்கிறது. 2022-இல் அங்கே ஜெயித்த ‘கோடா’, இயக்கத்துக்கும் படத்தொகுப்புக்கும் பரிந்துரைகூட இல்லாமல் ஆஸ்கரை வாங்கியது. ஆனால் 2020-இல் தயாரிப்பாளர் சங்கம், இயக்குநர் சங்கம், பாஃப்டா (பிரிட்டிஷ் திரைப்பட விருது) மூன்றும் ‘1917’ படத்துக்குப் போயும், ஆஸ்கர் வாங்கியது ‘பாரசைட்’. அதன் கையில் நடிகர் சங்கத்தின் குழு நடிப்பு விருது இருந்தது. அகாடமியில் நடிகர்கள்தான் பெரிய பிரிவு என்பதால், இதை லேசாக விட எனக்கு மனம் வரவில்லை.

தயாரிப்பாளர் சங்கமும் நடிகர் சங்கமும் வெவ்வேறு படங்களைத் தேர்ந்தெடுத்தால் நீங்கள் எந்தப் பக்கம் சாய்வீர்கள்? ஒரு படத்துக்கு இரண்டாம், மூன்றாம் இட ஓட்டு நிறைய விழும் என்பதை எதை வைத்துக் கண்டுபிடிக்கிறீர்கள்? 2010-க்குப் பிந்தைய முடிவுகளை அட்டவணையாக வைத்திருப்பவர்கள் பகிர்ந்தால் ரொம்ப உதவியாக இருக்கும்.