கல்லூரி வீரரின் ஆட்டோகிராஃபுக்குக் காசு கொடுக்கலாமா?

மூணாவதுடவுன்:

அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பால் (ஹெல்மெட் போட்டு ஆடுவது, கால்பந்து அல்ல) வீரர்களின் கையெழுத்து இப்போது வெளிப்படையாகவே விலைக்கு வருகிறது. படத்துக்கு ஒரு விலை, ஹெல்மெட்டுக்கு இன்னொரு விலை. கூடவே ஜெர்சி எண்ணோ விருதின் பெயரோ எழுத வேண்டுமென்றால் அதற்குத் தனிக் காசு. சில வருடங்களுக்கு முன்னால் இதே காசு ஒருவரின் சீசனையே காவு வாங்கியிருக்கும்.

என் சந்தேகங்கள் இவை. ரசிகர் காசு கொடுப்பதால் வீரருக்கு இன்னமும் வில்லங்கம் வருமா? கொடுப்பதென்றால் யாரிடம், எப்படி? எந்தப் பொருளில், எந்தப் பேனாவில் வாங்குவது? கடைசியாக, இது நியாயம்தானா? "அந்தக் காலத்துல..." என்று ஆரம்பிக்கும் பதில்கள் வேண்டாம், ப்ளீஸ்.

பழையவிதி:

மன்னிக்கணும், அந்தக் காலத்தைத் தொடாமல் முதல் கேள்விக்குப் பதில் சொல்ல முடியாதுங்க. இன்றைய விதி ஒவ்வொன்றும் பழைய கூத்து ஒன்றிலிருந்து வந்ததுதான்.

2010-இல் ஜார்ஜியா பல்கலைக்கழக அணியின் ஏ.ஜே. கிரீன் தன் பவுல் ஆட்ட (சீசன் முடிவில் நடக்கும் சிறப்பு ஆட்டம்) ஜெர்சியை 1,000 டாலருக்கு விற்றார். நான்கு ஆட்டங்கள் தடை. அதே ஆண்டு ஒஹாயோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் ஐந்து வீரர்கள் மோதிரம், ஜெர்சி போன்றவற்றை விற்றதும், பச்சை குத்திக்கொள்ள சலுகை வாங்கியதும் வெளியே வந்தது. ஆளுக்கு ஐந்து ஆட்டங்கள் தடை. 2011 மே மாதம் பயிற்சியாளர் ஜிம் ட்ரெஸலின் பதவியும் போனது. 2014-இல் மறுபடி ஜார்ஜியா. கையெழுத்துப் போட்ட பொருள்களுக்காக இரண்டு வருடத்தில் 3,000 டாலருக்குக் கொஞ்சம் அதிகமாக வாங்கிய டாட் கர்லிக்கு நான்கு ஆட்டங்கள் தடை.

2013-இல் டெக்சஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழக வீரர் ஜானி மான்ஸியல் விஷயம் இன்னும் விசித்திரம். கையெழுத்துக்கு அவர் காசு வாங்கியதற்கு ஆதாரமே கிடைக்கவில்லை. ஆனாலும் ரைஸ் அணியுடனான ஆட்டத்தில் முதல் பாதி வெளியே உட்கார வைத்தார்கள். அதே ஆகஸ்ட்டில் பேஸ்கட்பால் வர்ணனையாளர் ஜே பிலாஸ், கல்லூரி விளையாட்டை நடத்தும் சங்கமான என்.சி.ஏ.ஏ.வின் சொந்த ஆன்லைன் கடையில் மான்ஸியல் பெயரைத் தட்டித் தேடிக் காட்டினார். டெக்சஸ் ஏ அண்ட் எம் ஜெர்சி வந்து நின்றது. வீரர் விற்றால் குற்றம், சங்கம் விற்றால் வியாபாரம். சில நாளில் அந்த விற்பனையை நிறுத்திவிட்டார்கள்.

2021 ஜூன் 21 அன்று வீரர்கள் தொடுத்த ஆல்ஸ்டன் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 9-0 என என்.சி.ஏ.ஏ.வுக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. ஜூலை 1 முதல் என்.ஐ.எல். வந்தது. பெயர், உருவம், அடையாளம் ஆகியவற்றை வைத்து வீரரே சம்பாதிக்கலாம். ஆட்டோகிராஃப் அதில் அடக்கம். 2025 ஜூனில் வீரர்கள் தொடுத்த இன்னொரு வழக்கான ஹவுஸ் வழக்கின் சமரசத்துக்கு நீதிமன்ற ஒப்புதல் கிடைத்தபின், ஜூலை 1 முதல் பல்கலைக்கழகமே வருமானத்தில் பங்கு தரலாம் என்றாகிவிட்டது. 2025-26க்கான உச்சவரம்பு ஒரு பள்ளிக்கு (பல்கலைக்கழகத்தைத்தான் அங்கே இப்படிச் சொல்வார்கள்) சுமார் 2 கோடியே 5 லட்சம் டாலர்.

ஆக, படத்துக்குக் காசு கொடுக்கும் சாதாரண ரசிகரால் வீரருக்குத் தடை வராது. வில்லங்கம் மிச்சமிருக்கும் இடங்கள் இவை:

வீரர் எஃப்-1 மாணவர் விசாவில் இருந்தால் காசே கொடுக்காதீர்கள். அமெரிக்க மண்ணில் உட்கார்ந்து காசுக்குக் கையெழுத்துப் போடுவது அனுமதியில்லாத வேலையாகக் கருதப்படலாம். போவது ஒரு ஆட்டம் அல்ல, விசாவே போகலாம். கென்டக்கி பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு பேஸ்கட்பால் வீரர் ஆஸ்கர் ஷீப்வே 2022-இல் அணி பஹாமாஸ் போயிருந்தபோது அங்கே வைத்துத்தான் இந்த மாதிரி வேலைகளை முடித்தார். அமெரிக்காவில் இலவசமாகப் போட்டுத் தருவதில் பிரச்சினை இல்லை.

அடுத்தது தொகை. 600 டாலரோ அதற்கு மேலோ வெளியாரிடமிருந்து வரும் ஒப்பந்தத்தை டிவிஷன் 1 (கல்லூரி விளையாட்டின் உச்சப் பிரிவு) வீரர் ஐந்து வேலை நாளுக்குள் "என்.ஐ.எல். கோ" தளத்தில் பதிய வேண்டும். கொடுப்பவர் அந்தப் பள்ளிக்குப் பெரிய நன்கொடையாளராக இருந்தால், "இது நிஜமான வியாபாரமா, இந்த விலை சந்தையில் உள்ளதா" என்றும் பார்ப்பார்கள். 40 டாலர் படத்துக்கு 4,000 டாலர் கொடுத்தால் அது ஆட்டோகிராஃப் அல்ல, சம்பளம்.

மூன்றாவது, பள்ளி கொடுத்த உடைமை. ஆட்டத்தில் போட்ட ஜெர்சி, ஷூ, அணி ஹெல்மெட் எல்லாம் பெரும்பாலும் பள்ளியின் சொத்து. "ஆட்டத்தில் போட்டது, கையெழுத்தோடு தரேன்" என்று யாராவது சொன்னால், பள்ளி விடுவித்ததற்கான சான்று கேளுங்கள். இல்லையென்றால் கை வைக்க வேண்டாம். உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்கு மாநிலத்துக்கு மாநிலம் விதி வேறு. அங்கே விசாரிக்காமல் பணம் நீட்டக்கூடாது.

ஈரமை:

விதியை மேலே சொல்லிவிட்டார். நான் பொருளுக்கு வருகிறேன். காசு கொடுத்தும் கையெழுத்து கெட்டுப்போவது பெரும்பாலும் தப்பான பேனாவால்தான். வீரர் கையில் என்ன பேனா இருக்கிறதோ அதில் போடட்டும் என்று விடாதீர்கள். பேனாவை நீங்களே கொண்டுபோங்கள், ஒவ்வொன்றிலும் இரண்டு.

ஹெல்மெட்டுக்கு ஆயில் அடிப்படையிலான பெயிண்ட் பேனா. அடர் நிற ஹெல்மெட் என்றால் வெள்ளி அல்லது வெள்ளை, வெள்ளை ஹெல்மெட் என்றால் கறுப்பு அல்லது நீலம். கையெழுத்துக்கு முன்னால் அந்த இடத்தை மென்துணியால் துடைத்து விரல் எண்ணெயை எடுத்துவிடுங்கள். எண்ணெய் இருந்தால் பெயிண்ட் ஒட்டாது, பிறகு செதில் செதிலாக உரியும். பேனாவை மூடி போட்டபடி நன்றாகக் குலுக்கி, வேண்டாத தாளில் முனையை அழுத்தி மை இறங்கும்வரை வைத்து, இரண்டு மூன்று கோடு இழுத்துப் பார்த்த பிறகே வீரரிடம் கொடுக்க வேண்டும். இதைச் செய்யாவிட்டால் முதல் எழுத்திலேயே மை குபுக்கென்று கொட்டும். ஹெல்மெட் வளைவில் அது வழிந்து ஓடிவிடும், பிறகு ஒன்றும் செய்ய முடியாது. ஸ்டிக்கர் ஓரத்தின் மேல் எழுத்து ஏறாதபடி இடத்தை விரலால் காட்டுங்கள். மேலே தொட்டுப் பார்த்தால் காய்ந்த மாதிரி இருக்கும், ஆனால் உள்ளே ஈரம் இருக்கும். அன்றே பபிள் ராப்பில் சுற்றினால் குமிழ்களின் அச்சு கையெழுத்தின் மேல் புள்ளி புள்ளியாக விழும். ஒரு நாள் திறந்தே வைத்து, பிறகு மென்தாளில் சுற்றுங்கள்.

பந்து என்றால் முதலில் முழுசாகக் காற்றடியுங்கள். தளர்ந்த பந்தில் போட்ட பெயிண்ட், பிறகு காற்றடிக்கும்போது தோல் விரிந்து வெடித்துவிடும். பழுப்புத் தோலுக்கு வெள்ளி பெயிண்ட் பேனா. வெள்ளைப் பட்டை வைத்த பந்துக்கு ஷார்ப்பி (அழியாத மார்க்கர் பேனா) போதும், ஆனால் மலிவான பந்தின் பட்டையில் மை நாளாக ஆகப் பரவும்.

பேஸ்பாலுக்கு ஷார்ப்பி வேண்டவே வேண்டாம். தோலில் ஊறி, எழுத்தைச் சுற்றிப் பஞ்சு பஞ்சாகப் பரவி, சில வருடத்தில் மங்கிவிடும். நீல பால்பாயின்ட்தான் சரி. தையல்கள் நெருங்கி வரும் குறுகலான இடத்தில்.

ஜெர்சியில் வலைத்துணி மேல் போடச் சொல்லாதீர்கள், எண்ணின் மேல் போடச் சொல்லுங்கள். எண்ணுக்கு அடியில் ஒரு கெட்டி அட்டை வைத்து, இரண்டு பக்கமும் துணியை இழுத்துப் பிடிக்க வேண்டும். சுருக்கத்தின் மேல் போட்டால் பிரித்த பிறகு எழுத்து நடுவில் வெட்டுப்பட்ட மாதிரி தெரியும்.

8-க்கு 10 அங்குலப் படத்தில் ஷார்ப்பி. பளபளப்புத் தாளில் மை முத்து முத்தாகத் திரண்டால் கொஞ்சம் பேபி பவுடர் தடவி ஊதிவிட்டால் பிடித்துக்கொள்ளும். படத்தில் இருட்டான ஜெர்சி மேல் கறுப்பு மை காணாமல் போகும். வெளிச்சமான வானமோ புல்தரையோ இருக்கும் படத்தைத் தேர்ந்தெடுங்கள். மாட்டும்போது வெயில் படாத சுவர்.

உண்மைத்தன்மைக்கு பி.எஸ்.ஏ., ஜே.எஸ்.ஏ., பெக்கெட் ஆகிய மூன்று சரிபார்ப்பு நிறுவனங்களைச் சந்தை பெரிதும் மதிக்கிறது. அதிலும் இரண்டு வகை உண்டு: அவர்கள் ஆள் கண் முன்னால் போட்டதற்குத் தரும் சான்று, பிறகு எழுத்தைப் பார்த்து "இது அவருடையதுதான்" என்று சொல்லும் கருத்து. முதலாவது எப்போதும் மேல். சான்றோடு பொருளில் ஒட்டும் ஹோலோகிராம் ஸ்டிக்கரின் எண்ணை அந்தந்த நிறுவனத்தின் தளத்தில் போட்டுப் பாருங்கள், வரும் பொருள் விவரம் கையில் இருப்பதோடு ஒத்துப்போக வேண்டும். விற்பவரே அச்சடித்துத் தரும் "சான்றிதழ்" கடலை மடிக்கலாம்.

இன்னொன்று, வரிசையில் முன்னால் நில்லுங்கள். நூற்றுக்கணக்கான பொருளில் போட்டால் கை சோர்ந்துவிடும். முதலில் முழுப் பெயர் எழுதுபவர் கடைசியில் ஒரு எழுத்தும் ஒரு கோடும் ஜெர்சி எண்ணுமாக முடித்துவிடுவார். விலை இரண்டுக்கும் ஒன்றுதான்.

கடைசிவரிசை:

நியாயமா என்ற கேள்வியை எல்லாரும் தாண்டிப் போய்விட்டீர்கள்.

என் கருத்து: உட்கார்ந்து போடும் கையெழுத்துக்குக் காசு கொடுக்க வேண்டும், நின்றபடி போடும் கையெழுத்துக்குக் கொடுக்கக்கூடாது. ஆட்டம் முடிந்து வீரர்கள் உடை மாற்றும் அறைக்கான சுரங்கப்பாதைக்குப் போகும் வழியில் கம்பிக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு குழந்தை தொப்பியை நீட்டுகிறது. அங்கே விலைப்பட்டியல் வந்துவிட்டால் அந்த இடமே நாசம். பல பள்ளிகள் சீசனுக்கு முன் ரசிகர் நாள் வைத்து இலவசமாகப் போஸ்டரில் போட்டுத் தருகின்றன. அதற்கும் காசு கேட்டால் நான் எதிர்ப்பேன்.

ஆனால் ஆறு ஹெல்மெட்டோடு வந்து, என் பெயர் எழுத வேண்டாம், கையெழுத்து மட்டும் போதும் என்பவர் யார்? விற்கப் போகிறவர். "அன்புடன் இன்னாருக்கு" என்று எழுதினால் மறுவிற்பனை விலை சரியும், அதனால்தான் வேண்டாம் என்கிறார். 2021-க்கு முன்னால் இந்த ஆள்தான் முழு லாபமும் பார்த்தார், வீரருக்குப் பூஜ்யம். வீரர்கள் செய்யக்கூடிய சுலபமான வழி இது: பெயர் எழுதச் சொன்னால் இலவசம், வெறும் கையெழுத்து என்றால் காசு. யார் ரசிகர், யார் வியாபாரி என்று விசாரிக்கவே வேண்டாம்.

வருமானப் பங்கு வந்துவிட்டதே, இனி ரசிகர் எதற்குக் கொடுக்கணும் என்று கேட்பார்கள். அந்தப் பங்கில் பெரும்பகுதி ஃபுட்பாலுக்கும் ஆண்கள் பேஸ்கட்பாலுக்கும் போகிறது. சாஃப்ட்பால், நீச்சல், மல்யுத்தம் ஆடுபவர்களுக்குப் பல இடங்களில் மிஞ்சுவது சில்லறைதான். 20 டாலர் கொடுக்க மனசிருந்தால் குவார்ட்டர்பேக்கை விட்டுவிட்டு அவர்களிடம் வாங்குங்கள். வரிசையும் சின்னது, கையெழுத்தும் முழுசாகக் கிடைக்கும்.

பேரேடு:

பணம் கொடுக்கும் முறை பற்றி மட்டும் சொல்கிறேன்.

ரொக்கமாகக் கொடுப்பது தப்பில்லை, ஆனால் வீரர் அதையும் கணக்கில் காட்ட வேண்டும். செலவு போக வருடத்துக்கு 400 டாலர் மிஞ்சினாலே சுயதொழில் வரி 15.3 சதவீதம், அதன் மேல் வருமான வரி. சம்பளத்தில் பிடிப்பது போல யாரும் பிடித்துத் தர மாட்டார்கள். ஏப்ரல், ஜூன், செப்டம்பர், ஜனவரி 15-ஆம் தேதிகளில் அவரேதான் கட்ட வேண்டும். பணத்துக்குப் பதில் பொருளாக வாங்கினாலும் அதன் மதிப்புக்கு வரி உண்டு. பல்கலைக்கழக நிதியுதவி வாங்குபவருக்கு இந்த வருமானம் அடுத்தடுத்த வருட உதவித்தொகையையும் குறைக்கலாம். சொந்த ஆசைக்கு வாங்கும் ரசிகர் 1099 படிவம் (கொடுத்த தொகையை வரித்துறைக்குச் சொல்வது) எதுவும் தரத் தேவையில்லை. கடை வைத்திருப்பவருக்கு அந்தக் கடமை வரலாம்.

பேபால், வென்மோ மாதிரி செயலியில் அனுப்பும்போது "நண்பர், குடும்பம்" என்று போடச் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். கட்டணம் மிச்சமாகிறது என்பார்கள். பொருள் வரவில்லையென்றால் பாதுகாப்பு கிடையாது. "பொருள், சேவை" என்றே அனுப்புங்கள்.

இடையில் டீலரோ செயலியோ இருந்தால், வீரருக்கு எவ்வளவு போகிறது என்று கேளுங்கள். அவர்கள் வீரருக்கு முன்கூட்டியே மொத்தமாக ஒரு தொகை கொடுத்து முடித்திருந்தால், நீங்கள் தரும் காசில் வீரருக்கு மேற்கொண்டு ஒன்றும் சேராது. வீரருக்குக் கொடுப்பதாக நினைத்து வாங்குபவர்கள் இந்த இடத்தில்தான் ஏமாறுகிறார்கள்.

மூணாவதுடவுன்:

நன்றி, எல்லாருக்கும். நின்றபடி, உட்கார்ந்தபடி என்ற பிரிவு எனக்குப் பிடித்திருக்கிறது. கடைசியாக ஒன்று: பொருளைத் தபாலில் அனுப்பிப் போட்டு வாங்கும் ஏற்பாட்டில், நடுவில் வீரர் டிரான்ஸ்ஃபர் போர்ட்டலில் (பள்ளி மாற விரும்பும் வீரர்கள் பெயர் பதியும் பட்டியல்) நுழைந்து வேறு பள்ளிக்குப் போய்விட்டால்?

ஈரமை:

அடிக்கடி நடப்பதுதான். புதுப் பள்ளிக்குப் போனவர் பழைய அணி ஹெல்மெட்டில் போட மாட்டேன் என்று சொல்வதும் உண்டு. போட்டுத் தந்தாலும், எதிரணிக்கு ஓடியவர் என்று அந்த ஊர் ரசிகர் வாங்க மாட்டார். அதனால் அனுப்பும் முன் மூன்று விஷயத்தை எழுத்தில் வாங்குங்கள்: கையெழுத்துப் போடும் தேதி, பள்ளி மாறினால் முழுப் பணமும் திரும்பக் கிடைக்குமா, பொருளைத் திருப்பி அனுப்பும் செலவு யாருடையது. அனுப்பும் முன் ஹெல்மெட்டை நாலு பக்கமும் படம் எடுத்து வையுங்கள், கீறலோடு திரும்பி வந்தால் காட்ட வேண்டியிருக்கும். பேனாவையும் பெட்டிக்குள்ளேயே ஜிப் பையில் போட்டு, "இந்த இடத்தில்" என்று சின்ன ஒட்டுத்தாள் ஒட்டி அனுப்புங்கள்.

பேரேடு:

ஒரு சேர்க்கை. பேபாலில் புகார் கொடுக்க 180 நாள்தான். "சீசன் முடிந்ததும் போடுவார்" என்று ஆகஸ்ட்டில் பணம் வாங்குபவர்கள் இருக்கிறார்கள். சீசன் முடிந்து, பவுல் ஆட்டம் முடிந்து, "அடுத்த மாசம்" என்று இரண்டு தடவை சொன்னாலே அந்தக் கெடு தாண்டிவிடும். 150-ஆவது நாளை இன்றே நாள்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள்.