பெரிய வீடு குரூப்: சித்தப்பாவோட சபை

உச்சிப்புளி அத்தை: தம்பி, நீ மதுரைல கதவச் சாத்திக்கிட்டு நடக்குற ஏதோ ரகசியக் கூட்டத்துல இருக்கியாமே. எதிர்வீட்டுல கேக்குறாக. என்ன சொல்ல?

தங்கச்சிமடம் பெரியப்பா: நானும் கேக்கணும்னு இருந்தேன்

மண்டபம் சித்தப்பா: ரகசியமெல்லாம் இல்லக்கா. ஃப்ரீமேசன்னு ஒரு சகோதர சங்கம். ஒவ்வொரு சபையையும் லாட்ஜ்னு சொல்லுவோம், தங்குற லாட்ஜ் இல்ல. லண்டன்ல 1717ல நாலு லாட்ஜ் ஒன்னா சேந்தது, நம்ம நாட்டுக்குன்னு கிராண்ட் லாட்ஜ், அதான் தலைமைச் சபை, 1961ல வந்துச்சு, கடவுள் நம்பிக்கை இருக்கணும் எந்தக் கடவுளா இருந்தாலும் சரி, கீதை குரான் பைபிள் எல்லாம் ஒரே எடத்துல இருக்கும், உள்ள மதமும் அரசியலும் பேசக்கூடாது. சடங்கு மட்டுந்தான் வெளிய சொல்றதில்ல. விவேகானந்தரே 1884ல கல்கத்தாவுல மேசனா சேந்தவர்தான்

துபாய் அண்ணன்: நம்ம பாம்பன் குந்துகால்ல வந்து எறங்குனவரா!

பெரியப்பா: 1897. அதுக்கு முன்னாடி அவர சிகாகோ போகச் சொன்னது நம்ம ராமநாதபுரம் ராஜா பாஸ்கர சேதுபதி

உச்சிப்புளி மாமா: குந்துகால் ரோடு இப்ப எப்டி இருக்கு?

மண்டபம் சித்தப்பா: மச்சான் இருங்க, விசயத்துக்கு வாரேன். சனிக்கிழமை என்னைய மாஸ்டரா, அதான் எங்க சபைக்குத் தலைவரா, உக்கார வைக்கிறாக, ஒரு வருசப் பொறுப்பு. முன்னாடியெல்லாம் கூட்டத்துல பாதி நாற்காலி காலியா கெடக்கும், இந்த வருசம் இளவட்டப் பயலுக நெறைய வந்துட்டானுக, நாங்களா கூப்புட மாட்டோம் அவுகளா கேட்டு வரணும் அப்புறம் ஓட்டெடுப்பு. ஏன் வந்தானுகன்னா வேலை கண்ணுல தெரிஞ்சுச்சு. கூட்டத்துல தர்மப் பெட்டி சுத்தி வரும், அந்தக் காசுலதான் நம்ம பக்கம் கடல்ல முங்கி பாசி எடுக்குற வயசான பொம்பளையாளுக்கு கண் ஆப்பரேசன் பண்ணுனது. அடுத்து முங்குறதுக்கு நல்ல கண்ணாடியும் கையுறையும் வாங்கணும். அதுக்குத்தான் இப்ப நிதி சேக்குறோம்

அத்தை: பாசி எடுக்குறவுகளுக்கா. இத மொதல்லயே சொல்லக்கூடாதா

சித்தி: மதினி, விரல் விரலா துணியச் சுத்திக்கிட்டு, காலுல தகரத்தக் கட்டிக்கிட்டு முங்குதுக. பாறை கிழிச்சு துணியோட சேத்து தோலும் வருது, மறுநாளும் அதே உப்புத்தண்ணி, எங்கிட்டு ஆறும்

அத்தை: 😢

பெரியப்பா: நல்ல காரியந்தான். ஆனா பெரிய வீட்டு ஓடு மாத்தணும்னப்ப கையில இல்லன்னான்

சித்தி: பெரியத்தான், அந்த வருசம் பெரியவளுக்கு காலேஜ் பீஸ் கட்டுனோம். உங்களுக்கே தெரியும்

மாமா: ஓட்டுப் பேச்சு இங்க வேணாமே

துபாய் அண்ணன்: ஓட்டுக்கு நான் தாரேன்ப்பா

பெரியப்பா: நீ மொத ஊருக்கு வா

அத்தை: நானும் சனிக்கிழமை வரலாமா, பொம்பளைய விடுவாகளா?

மண்டபம் சித்தப்பா: சபைக்குள்ள ஆம்பளைக மட்டுந்தான்க்கா. ராத்திரி சாப்பாட்டுக்கு குடும்பத்தோட வரணும்

அத்தை: பாசி எடுக்குறது பொம்பளை, உக்காந்து முடிவு பண்றது ஆம்பளையா

மண்டபம் சித்தப்பா: விதி அப்டிக்கா, எனக்கும் அதுல வருத்தம் உண்டு. ஆனா யார் யாருக்கு என்ன தேவைன்னு வீடு வீடாப் போயி எழுதிட்டு வந்தது சித்திதான். அத வச்சுத்தான் சபைல பேசுனேன். ராமேஸ்வரம் கோயில்ல விவேகானந்தர் சொன்னதும் அதான, ஏழைகிட்டயும் நோயாளிகிட்டயும் சிவனப் பாக்குறவன்தான் உண்மையா கும்பிடுறான்னு

அத்தை: சரி எம்பேர்ல 2000 எழுதிக்க. காசாக் குடுக்காத, பொருளா வாங்கிக் குடு

நான்: சித்தப்பா கண்ணாடி என்ன வெலைன்னு நான் விசாரிக்கவா?

மண்டபம் சித்தப்பா: விசாரிப்பா. முகத்தோட ஒட்டி நிக்கணும், தண்ணி எறங்கக்கூடாது

மாமா: சனிக்கிழமை எதுல போறோம்? வேனா ட்ரெயினா?

பெரியப்பா: ட்ரெயின். பாம்பன்ல ஏறிக்கிறேன். 2022 டிசம்பர்ல பழைய பாலத்த நிப்பாட்டுனதுல இருந்து கடல் மேல ட்ரெயின்ல போகவே இல்ல

மாமா: புதுப்பாலம் தெறந்ததே 2025 ஏப்ரல்ல அத்தான், இன்னுமா போகல!

துபாய் அண்ணன்: வீடியோ எடுத்துப் போடுங்கப்பா. நடுப்பாலம் அப்டியே மேல தூக்குமாமே

அத்தை: எனக்கு ட்ரெயின் ஒத்துக்காது. வேன் சொல்லுங்க

சித்தி: சாப்பாட்டுக்கு எத்தன பேருன்னு நாளைக்குள்ள சொல்லணுமாம்

பெரியப்பா: என்னையச் சேத்துக்க. 5000மும் தாரேன். ஓட்ட அப்புறம் பாப்போம்

மாமா: அப்ப வேனா ட்ரெயினா??