மார்வாரி குதிரையின் ரேவால் பேஸாக உடைகிறது, டிரெஸ்ஸாஜ் உதவுமா?

பிடரி (கேள்வி)
வணக்கம்ங்க. மார்வாரி பெட்டை, 7 வயசு, 60 இன்ச் உயரம். மெதுவாகப் போகும்போது ரேவால் (நான்கு கால்களும் தனித்தனியாக விழும், மார்வாரியின் பிறவி நடை) சுத்தமாக இருக்கிறது. கொஞ்சம் வேகம் கேட்டால் ஒரே பக்கத்து முன்காலும் பின்காலும் சேர்ந்து விழ ஆரம்பித்து பேஸ் ஆகிவிடுகிறது. மேலே உட்கார்ந்திருப்பவர் இடமும் வலமுமாக ஆடவேண்டி வருகிறது. வலப்பக்கக் கேன்டரில் (மூன்று அடியாக விழும் பாய்ச்சல் ஓட்டம்) முன்கால்களைச் சரியாக எடுத்துவிட்டு, பின்கால்களை மாற்றி ஓடுகிறது. லகானைத் தூக்கினால் தலை இன்னும் மேலே போகிறது. பல், குளம்பு, முதுகு எல்லாம் கால்நடை மருத்துவர் பார்த்துவிட்டார், வலி இல்லை. 20×40 மீட்டர் மணல் மைதானம் இருக்கிறது. டிரெஸ்ஸாஜ் (குதிரையின் உடம்பைத் தளர்த்திச் சமநிலைப்படுத்தும் சவாரிப் பயிற்சி) வேலை கொடுத்தால் நடை சரியாகுமா, இல்லை டிராட் (மூலைக்கு மூலை கால்கள் சேர்ந்து விழும் ஓட்டம்) பழகி ரேவாலே போய்விடுமா?

சேணம்
ரேவால் போகாது. அது பிறப்போடு வருவது. ஐஸ்லாந்துக் குதிரைகளின் பக்கவாட்டு நடைக்குப் பின்னால் டி.எம்.ஆர்.டி.3 என்ற மரபணுவின் மாற்றம் இருப்பதை 2012இல் கண்டுபிடித்தார்கள். பயிற்சியால் நடையை உண்டாக்க முடியாது, இருக்கிற நடையைச் சுத்தம் செய்யத்தான் முடியும்.

நடையை ஒரு கோடாக நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு முனையில் பேஸ், மறுமுனையில் டிராட். ரேவால் நடுவில் இருக்கிறது: இடது பின்கால், இடது முன்கால், வலது பின்கால், வலது முன்கால். காதில் 'தகதிமி' என்று நான்கும் சம இடைவெளியில் கேட்க வேண்டும். 'தக – திமி' என்று இரண்டிரண்டாக ஒட்டினால் பேஸ் பக்கம் சரிகிறது. இரண்டே அடி கேட்டால் முழு பேஸ். மேலே உட்கார்ந்து பிடிபடாவிட்டால் பக்கவாட்டில் வீடியோ எடுத்து மெதுவாக ஓட்டிப் பாருங்கள்.

நீங்கள் சொல்லும் அறிகுறிகளைப் பார்த்தால் முதுகு இறுக்கம்தான் காரணம். தலை உயர்ந்து முதுகு பள்ளமானால் பின்கால் வயிற்றுக்கு அடியில் வர முடியாது. ஒரு பக்க உடம்பு முழுக்க ஒரே கட்டையாக அசையும். அதனால் முதல் 3, 4 வாரம் ரேவாலைத் தொடவே வேண்டாம், வாக் (சாதாரண நடை) மட்டும். 10 நிமிடம் லகானை நீளமாக விட்டு, 20 மீட்டர் வட்டம், பிறகு பாம்பு வளைவுகள். மணலில் தடத்தைப் பாருங்கள்: பின்குளம்பு முன்குளம்புத் தடத்தைத் தாண்டி விழ வேண்டும்.

அடுத்தது ஷோல்டர்-இன் (தோளை உள்பக்கம் கொண்டுவந்து, வளைந்த உடம்போடு நேர்கோட்டில் நடத்துவது). இதுதான் மருந்து. மூலையில் 10 மீட்டர் வட்டம் போட்டு, அதே வளைவோடு நீளப் பக்கத்தில் இறங்குங்கள். முன்னால் நின்று பார்ப்பவருக்கு மூன்று தடம் தெரிய வேண்டும்: வெளிப் பின்கால் ஒன்று, உள் பின்காலும் வெளி முன்காலும் ஒன்று, உள் முன்கால் ஒன்று. கோணம் சுமார் 30 டிகிரி. உள் பின்கால் உடம்புக்கு அடியில் குறுக்காக வருவதால் ஒரே பக்கத்துக் கால்களின் ஜோடி அங்கேயே பிரிகிறது. 8, 10 மீட்டர் போதும், உடனே நேராக்குங்கள். உள் லகானை இழுத்துக் கழுத்தை மட்டும் மடிப்பதுதான் எல்லோரும் செய்யும் பிழை. வெளி லகான்தான் தோளைப் பிடிக்க வேண்டும்.

பிறகு ஷோல்டர்-இன்னிலிருந்து நேராக்கி 8 காலடி ரேவால், திரும்ப வாக். நடை உடைவதற்கு முன்பே இறக்க வேண்டும். உடைந்த பிறகு இறக்கினால் உடைவதையே பழக்குகிறோம். 8 காலடி நிலைத்தால் 12, பிறகு 20. வேகம் கடைசியில்தான்.

கொங்குக்குளம்பு
அண்ணன் சொன்னதோட தரைக்கட்டையும் சேத்துக்குங்க. சவுக்குக் கட்டை 4, 5 எடுத்து 80 செ.மீ. இடைவெளியில போடுங்க; காலை நீளமா எட்டி வெச்சா 90 வரைக்கும் போலாம். உருண்டா கால் சுளுக்கும், அதனால மண்ணுல பாதி பதிச்சுடுங்க. வாக்குல மட்டும் தாண்டணும். ஒவ்வொரு காலையும் தனித்தனியாத் தூக்கணும்ங்கறதால பேஸ் ஓட்டம் அங்கயே கலையுதுங்க. ரெண்டு வாரம் கழிச்சு ஒரு கட்டைக்கு இடது முனை, அடுத்ததுக்கு வலது முனைன்னு மாத்தி மாத்தி 15 செ.மீ. தூக்கிவிடுங்க. ரேவால்ல வரிசையாத் தாண்ட விடாதீங்க, குதிச்சுப் பழகிடும்.

கேன்டருக்கு: வலது பக்கம் 20 மீட்டர் வட்டத்தை 15க்குச் சுருக்கி, உள்காலால தள்ளித் திரும்ப 20க்கு விரிக்கற நேரத்துல கேன்டர் கேளுங்க. வலது கேன்டரைத் தொடங்கறது இடது பின்கால், அதுல பாரம் ஏறுனாத்தான் சரியா எடுக்கும். 6 பாய்ச்சல் போதும். பின்னால மாறுச்சுன்னா அப்பவே வாக்குக்கு இறக்கிடுங்க. லேசான ஏத்தம் இருந்தா அங்க செய்யறது இன்னும் நல்லதுங்க.

லகான்
ஒரு எச்சரிக்கை. டிரெஸ்ஸாஜ் என்றதும் கழுத்தை வளைத்து மூக்கை மார்போடு ஒட்டவைக்க வேண்டாம். மார்வாரிக்குக் கழுத்து பிறவியிலேயே உயரமாகப் பொருந்தியிருக்கிறது. ரேவாலில் தலையை மிகவும் தாழ்த்தினால் டிராட் பக்கம் போகும், தூக்கினால் பேஸ். மூக்கு செங்குத்துக்கோட்டுக்குச் சற்று முன்னால் இருக்கட்டும். தலையைத் தாழ்த்தி நீட்டுவது வாக்கில் உடம்பு சூடேற்றும்போது மட்டும்.

முள் கடிவாளம் இருந்தால் இன்றே எடுத்துவிடுங்கள். வண்டி, சுமை விலங்குகளுக்கு அதை 1965ஆம் ஆண்டு விதிகளே தடை செய்கின்றன. வாய் வலிக்குப் பயந்து தலை தூக்கும் குதிரைக்கு எந்தப் பயிற்சியும் ஏறாது. வழவழப்பான, நடுவில் மூட்டுள்ள ஸ்னாஃபிள் போதும்.

சேணம் தோள்பட்டை எலும்புக்குப் பின்னால் உட்கார வேண்டும். ஆள் ஏறிய பிறகும் பிடரி மேட்டுக்கு மேல் 2, 3 விரல் இடைவெளி வேண்டும். ரேவால் ஓட்டும் பலர் கால்களை முன்னால் நீட்டி, பின்னால் சாய்ந்து உட்காருகிறார்கள். அந்தப் பாரம் நேராக இடுப்பில் இறங்கி முதுகைப் பள்ளமாக்குகிறது. தோள், இடுப்பு, குதிகால் மூன்றும் ஒரே கோட்டில் வரட்டும். கனமான லாடம் போட்டு நடையை மாற்றும் யோசனை யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

பிடரி
நன்றிங்க எல்லாருக்கும். கடிவாளம் ஸ்னாஃபிள்தான். லஞ்ச் கயிற்றில் (தரையில் நின்று குதிரையை வட்டமாக ஓட்டும் நீளக் கயிறு) தானாக டிராட் போட்டால் தடுக்கணுமா?

சேணம்
தடுக்க வேண்டாம். மூலைக்கு மூலை கால்கள் சேர்ந்து வேலை செய்வது இறுகிய முதுகைத் தளர்த்தும். கயிற்றில் ஒரு பக்கத்துக்கு 5 நிமிடம், வட்டம் 15 மீட்டருக்குக் குறையாமல். ஆனால் டிராட்டுக்கும் ரேவாலுக்கும் வேறு வேறு குரல் கட்டளை வையுங்கள். ரேவால் நிலைக்கும்வரை மேலே ஏறி டிராட் கேட்காதீர்கள். வாரம் நான்கு நாள், ஒரு நாளைக்கு 40 நிமிடத்துக்கு மேல் வேண்டாம். களைத்த குதிரை முதலில் போய் விழுவது பேஸில்தான்.